நன்மை வாங்காதவள்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் எங்கள் பெஞ்சிலிருந்து யார் நன்மை வாங்கப் போனாலும் முதலில் செல்வியக்கா எழுந்தாக வேண்டும். அவள் உட்காருவது பெஞ்சின் ஓரத்தில், நடுவழியை ஒட்டி. எழுந்து, வழியில் இறங்கி நின்று, உள்ளே இருக்கும் எங்களையெல்லாம் வெளியே விடுவாள். நாங்கள் பீடத்தை நோக்கிப் போவோம். அவள் திரும்ப உட்கார்ந்துகொள்வாள். வாயில் அப்பத்தோடு நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வரும்போது மறுபடியும் எழுந்து எங்களை உள்ளே விடுவாள். பஸ் கண்டக்டர் தோற்றான்.

நன்மை என்பது பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பம். சேசுவின் உடல் என்று நம்பி வாங்குகிறோம். எனக்குச் சின்ன வயதில் புது நன்மை கொடுத்தார்கள். அன்றிலிருந்து நாக்கு தானாக நீளும். மனசு பாதி நாள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த கறிக்குழம்பில் இருக்கும். செல்வியக்காவோ எங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். பீடத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு போகும் எனக்கு அந்தப் பார்வை முதுகில் சுடும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "தூண் பக்கமா தள்ளி ஒக்காந்தா யாரும் ஒன்னத் தாண்டிப் போவ வேணாமேக்கா. எதுக்கு இந்த எடத்தயே புடிச்சிக்கினு இருக்க?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஏந்திரிச்சி வழியில நிக்கிறேன் இல்ல? அப்ப ஒரு நிமிஷம் நானும் வரிசைல நிக்கிற மாதிரி இருக்கும் புள்ள."

அதற்குமேல் என்ன பேச முடியும்? நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டு வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் நாவில் கரைந்த அப்பத்தைச் செய்தவளே அவள்தான். கன்னியாஸ்திரிகளை எங்கள் ஊரில் மசேர் என்போம். அந்த மசேர்களின் மடத்தில், சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறை உண்டு. நானும் அவளும் அங்கேதான் வேலை செய்தோம். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கிடையாது. சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி அழுத்தினால் காகிதம் மாதிரி வெள்ளையாக வரும். அதை ஈரத்துணிக்குள் வைத்துப் பதப்படுத்தி, வட்ட வட்டமாக வெட்டி எடுப்போம். வட்டங்கள் டப்பாவில் அடுக்கப்பட்டு ஊர்க் கோயில்களுக்குப் போகும். மிச்சமாகும் ஓரங்களை வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

செல்வியக்காவின் புருஷன் காத்தவராயன், பஞ்சு மில்லில் நூல் பிரிவில் இருந்தார். செல்வியக்காவைப் போலவே நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்து, அந்த ஓரங்களை டீயில் நனைத்துத் தின்பார்.

"இன்னா செல்வி, ஒரு உப்பு ஒறப்பு இல்ல. இதுக்கா வாராவாரம் மொகத்தத் தொங்கப்போட்டுக்கினு வர்ற?"

"இது வெறும் மாவு. கோயில்ல குடுக்கறது வேற."

"ருசியும் வேறயா இருக்குமா?"

"மறந்துடுச்சி மாமா. இன்னொரு தரம் வாங்குனா சொல்றேன்."

இந்தப் பேச்சை அவர்கள் எத்தனை தரம் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கும்போதே பல தரம் கேட்டிருக்கிறேன். அவர் கேலியாகத்தான் கேட்பார். ஆனால் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும்போது கேலி இருக்காது.

செல்வியக்காவின் முழுப்பெயர் லூர்துசெல்வி. அவள் அப்பா சூசைநாதன், சாமியார்களுக்கு அங்கி தைத்துக் கொடுக்கும் தையற்காரர். காத்தவராயன் அவருக்குத் தூரத்து உறவு. பாட்டன் காலத்தில் குடும்பத்தில் ஒரு கிளை ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது, மற்றது அங்காளம்மனோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. கல்யாணம் காட்சிக்கு இரண்டு கிளையும் வரும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும், பெண் கொடுப்பது எடுப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, பிடித்து, ஒற்றைக் காலில் நின்றார்கள். சூசைநாதன் முதலில் குதித்தார். பிறகு, "கோயில்ல வெச்சிக் கட்டறதா இருந்தா சரி" என்று இறங்கி வந்தார். காத்தவராயனும் சம்மதித்தார். அவர் மதம் மாறமாட்டார். ஆனால் கோயிலுக்கு வந்து, பீடத்துக்கு முன்னால் நின்று, சாமியார் சொல்லச் சொல்ல வார்த்தைப்பாடு கொடுப்பார். மேலிடத்தில், அதாவது மேற்றிராணியார் எனும் பிஷப்பிடம், அனுமதி வாங்கினால் அப்படிச் செய்யலாம் என்று பங்குச் சாமியாரும் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் ஆண்டபோது கல்யாணம் என்றால் முதலில் மேரி, அப்புறம்தான் கோயில். மேரி என்றதும் யாரும் மாதாவை நினைத்துக்கொள்ள வேண்டாம்; கடற்கரையில் இருக்கும் நகராட்சிக் கட்டிடத்துக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர் அது. அவன் கப்பலேறிப் போன பிறகும் எங்களில் பல குடும்பங்கள் அந்த வரிசையை விடவில்லை. மேரியில் அதிகாரிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு, கேக் வெட்டி, ஆளுக்கொரு வாய் ஒயின் குடித்துவிட்டு மாப்பிள்ளை அவர் வீட்டுக்குப் போவார், பெண் அவள் அப்பன் வீட்டுக்குப் போவாள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கோயிலில் மந்திரிப்பு, சாமியார் நடத்தும் கல்யாணம். அதுவரைக்கும் அவர்கள் சர்க்காருக்குப் புருஷன் பெண்டாட்டி, சாமிக்கு இல்லை. அந்த இரண்டு மூன்று நாளில் பெண்ணைத் தெருவில்கூட விடமாட்டார்கள்.

செல்வியக்காவுக்கு அந்த இரண்டு மூன்று நாள் பதினான்கு வருஷமாக நீண்டுவிட்டது. அவள் கதையே அவ்வளவுதான்.

எழுபத்தொன்றில், ஒரு வெள்ளிக்கிழமை, மேரியில் கையெழுத்தாயிற்று. சூசைநாதனே சாட்சி. திங்கட்கிழமை கோயில். நடுவில் சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் மாப்பிள்ளையை வரச்சொல்லி, மேலிடத்து அனுமதிக்கு வேண்டிய வாக்குறுதியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து கிறிஸ்தவ வேதத்தில் வளர்ப்பதாக இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? சாமியார், தையற்காரர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம். தையற்காரர், சாமியார் சொல்லுவார் என்று இருந்துவிட்டாராம். மேரி முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது எங்கள் ஊர் நினைப்பு.

காத்தவராயன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போட மாட்டேன் சாமி" என்றார்.

"ஏம்பா? உன்னை மாறச் சொல்லலியே."

"என்ன மாறச் சொன்னாகூட எனக்கும் ஒங்களுக்கும் உள்ள பேச்சி. பொறக்காத புள்ளைக்கு நான் எப்பிடி வாக்குக் குடுக்கறது? அது பொறந்து, வளந்து, எந்தக் கோயிலு வேணும்னு அது சொல்லட்டும். எங்கம்மா அங்காளம்மனுக்கு முடி எறக்கறதா வேண்டிக்கினு இருக்குது. அதுக்கும் நான் சரின்னு சொல்லல."

சாமியார் கோபக்காரர் இல்லை. ஆனால் சட்டம் சட்டம் என்பவர். கல்யாணத்தில் இந்துவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டியதில்லை, கத்தோலிக்கப் பெண் மட்டும் வாக்குக் கொடுத்தால் போதும் என்று அதற்குச் சற்று முன்தான் ரோமாபுரியில் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார்களாம். பின்னாளில் தெரிந்தது. ரோமாபுரியிலிருந்து எங்கள் பங்குக்கு அது வந்து சேரவில்லை. திங்கட்கிழமை கல்யாணம் நடக்கவில்லை.

சூசைநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். "போவட்டும், மேரில போட்ட கையெழுத்துதானே. அது வெறும் சர்க்கார் கணக்கு. கோயில்ல நடக்கல, கல்யாணமே நடக்கல. நீ எம்பொண்ணு, எங்கூட இரு" என்றார்.

செல்வியக்கா கோயிலுக்கென்று எடுத்த வெள்ளைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "சாட்சிக் கையெழுத்து நீங்கதானேப்பா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, நடந்தே காத்தவராயன் வீட்டுக்குப் போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது. என் அம்மாவும் வாசலில் நின்று பார்த்தாள், நானும் பார்த்தேன். அவ்வளவு அழகான மணப்பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை, பாட்டு இல்லை, மணி இல்லை.

மறு ஞாயிறு பூசைக்கு வந்தாள். பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: பூசை காணலாம், செபம் சொல்லலாம், நன்மை மட்டும் வாங்கக்கூடாது. திருச்சபையின் கண்ணுக்கு அவள் கல்யாணமாகாமல் ஒருவனோடு இருப்பவள். சரி சாமி என்று கேட்டுக்கொண்டாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மடத்துப் பெரிய மசேர் மட்டும், "மாவு பிசையறதுக்கு மேற்றிராணியார் உத்தரவு வேணாம், நீ வேலைக்கு வா" என்று சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியவதிக்கு மோட்சம் நிச்சயம்.

பிள்ளைகள் பிறக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வரும். எந்தப் பிள்ளைக்காக அந்தச் சனிக்கிழமை சாமியாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்களோ, அந்தப் பிள்ளை வரவே இல்லை. அவர் அம்மா வேண்டிக்கொண்ட முடியும் இறங்கவில்லை, ஞானஸ்நானத் தண்ணீரும் விழவில்லை.

பிள்ளை இல்லை என்று ஆன பிறகு காத்தவராயன் கையெழுத்துப் போட்டிருக்கலாமே, கோயிலுக்குப் போய்ச் சின்னதாக ஒரு மந்திரிப்பு வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஊரில் கேட்காதவர் இல்லை. அவர் சொன்னது இதுதான்:

"இப்பப் போயி மாலை மாத்துனா, இத்தினி வருஷம் நான் அவள வெச்சிக்கினு இருந்தேன்னு ஆவும். நான் வெச்சிக்கினு இல்ல. அவ என் பொண்டாட்டி. மேரில கட்டுன அன்னியிலேருந்து பொண்டாட்டி. அத ஒத்துக்கச் சொல்லு, நான் எந்தக் கோயிலுக்கு வேணா வர்றேன்."

வீம்பு என்று நினைத்தேன். செல்வியக்காவிடம் போய், "நீ ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னா மாமா கேக்கமாட்டாரா?" என்றேன்.

"கேப்பாரு. நான் சொல்லமாட்டேன்" என்றாள். "அவரு சொல்றது சரிதான் புள்ள. எனக்கு நன்மை வேணும். ஆனா அவரப் பொய்யாக்கிட்டு வேணாம்."

ஆக, அவளும் அதே கட்சி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் முதுகைப் பார்ப்பாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாமியார் கால் கழுவும் சடங்கு முடிந்து எல்லோரும் நன்மைக்குப் போகும்போது, சில வருஷம் தாங்கமுடியாமல் வெளியே போய் மரத்தடியில் நின்றுவிடுவாள். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக அவளைத்தான் வைக்க ஆசைப்பட்டேன், கூடாது என்றுவிட்டார்கள். அன்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் காத்தவராயன்தான் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். அவளுக்கு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்து, அது அணையாமல் இருக்க இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு கூடவே நடப்பார். பார்த்தவர்கள் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சூசைநாதன், மகள் இருந்த தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டே நடந்தார், சுற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பழைய சாமியாரும் மாற்றலாகிப் போனார். எண்பத்து மூன்றில் தேவதாஸ் சாமியார் வந்தார். இளவயது. ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்தவர் என்று சொன்னார்கள். இன்னொரு சட்டக்காரரா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

வீடு சந்திக்க வந்தவர் செல்வியக்கா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். டீயோடு அப்ப ஓரங்களும் வந்தன. காத்தவராயன் தன் பழைய பேச்சையே எடுத்தார்: மேரியில் ஆன கல்யாணத்தைக் கல்யாணம் என்று ஒத்துக்கொண்டால் ஆயிற்று. சாமியார் சிரித்துவிட்டு விஷயத்தை மாற்றுவார் என்று பார்த்தால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அதுக்கு ஒரு வழி இருக்குங்க. புதுசா கல்யாணம் வைக்கவேணாம். அன்னைக்கு நீங்க மேரியில கொடுத்த சம்மதத்தையே, அந்த நாளிலேருந்தே சரின்னு திருச்சபை ஏத்துக்கும். வேரிலேயே குணமாக்குறதுன்னு பேரு. மேற்றிராணியார் கையெழுத்துப் போடணும். செல்வியம்மா மட்டும் அவங்க வேதத்தை விடமாட்டேன்னு வாக்குக் கொடுத்தா போதும். நீங்க கோயில் படி ஏறவேண்டியதில்லை."

"அப்பன்னா, அன்னிக்கே அவ என் பொண்டாட்டின்னு சொல்லிடுவாங்களா?"

"அன்னைக்கே."

காத்தவராயன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதத்தானே நானும் அன்னிலேருந்து கத்துறேன்! செல்வி, சாமிக்கு இன்னொரு டீ போடு."

அவள் டீ போடப் போனாள். அடுப்படியில் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தண்ணீர் கொதித்து வற்றியே போய்விட்டது. அவள் தூளைப் போடவே இல்லை.

விண்ணப்பம் போயிற்று. பழைய சாமியார் காலத்து விவரங்களைக் கேட்டார்கள். மேரியிலிருந்து நகல் கேட்டார்கள். அது போனதும் வேறொன்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவசரம் காத்தவராயனுக்குத்தான் வந்துவிட்டது. அந்த வருஷமே அவருக்கு மூச்சிழுப்பு தொடங்கியிருந்தது. ஆயுசு பூராவும் சுவாசித்த பஞ்சு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மில்லை விட்டார். சைக்கிள் மிதிக்க முடியவில்லை. எண்பத்தைந்தில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வார்டில் நர்ஸ், "நீங்க யாரு அவருக்கு?" என்று கேட்டாள். "பொண்டாட்டி" என்றாள் செல்வியக்கா. நர்ஸ் தலையாட்டிவிட்டு உள்ளே விட்டாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள்!

நான் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அவர் என்னைத்தான் கேட்பார். "சாமியாரப் பாத்தியா? மேலேருந்து வந்துச்சா?" மூச்சு வாங்க வாங்கக் கேட்பார். நான் சோற்றுத் தூக்கைத் திறக்கத் தொடங்கிவிடுவேன். கடைசியாக நான் பார்த்த அன்று, "வந்துட்டா மொதல்ல எங்கிட்ட சொல்லு. அவ வாங்கிட்டு வந்து ருசி சொல்றேன்னு சொல்லிக்கிறா" என்றார். செல்வியக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேலிடத்திலிருந்து வருவதற்கு முன் அவர் போய்விட்டார்.

அவர் ஆட்கள் வந்து அவர்கள் முறைப்படி எடுத்துப்போனார்கள். தேவதாஸ் சாமியார் வாசலில் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்தார். நானும் இருந்தேன். அவர் நல்ல மனுஷர்தான். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார்.

"விண்ணப்பத்துக்கு இனி அர்த்தமில்லைம்மா, அது நின்னு போச்சு. ஆனா இப்ப உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லை. ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா வர்ற ஞாயித்துக்கிழமையே நன்மை வாங்கலாம்."

செல்வியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தினி நாளு இருந்த தடை இன்னா சாமி?"

சாமியார் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"அவருதானே? அவரு செத்ததால வழி தொறந்துடுச்சி, அப்பிடித்தானே? நான் எழுந்திரிச்சிப் போனா, அவருதான் குறுக்க நின்னாருன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?" அவள் குரல் உயரவில்லை. "பாவசங்கீர்த்தனத்துல நான் இன்னா சொல்லணும்? அவரோட வாழ்ந்தது பாவம், மனஸ்தாபப்படறேன்னா? மனஸ்தாபப்பட எங்கிட்ட வேற நெறைய இருக்குது சாமி. இது வராது."

சாமியார் எழுந்து போய்விட்டார். நான் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். ஆயுசு பூராவும் ஏங்கியது கைக்கு வந்திருக்கிறது, இப்போது போய் வீம்பு பண்ணுகிறாயே, மாமாவுக்கு மேல் நீ இருக்கிறாயே என்று கத்தினேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடிக்கும்வரை சலித்துக்கொண்டே இருந்தாள்.

மாதங்கள் ஓடின. ஞாயிறுகளில் அதே பெஞ்சு, அதே ஓரம். எழுந்து வழியில் நிற்பாள், எங்களை அனுப்புவாள், உட்கார்ந்துகொள்வாள். முன்னெல்லாம் பூசை முடிந்து வீட்டுக்கு ஒரு அவசரமாக நடப்பாள். இப்போது கோயில் வாசலிலேயே நேரம் போக்கினாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அவர் இறந்த முதல் வருஷ நாள் நெருங்கியபோது, அவர் பெயரில் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பங்கு அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உபதேசியார் லூர்துநாதன் உட்கார்ந்திருந்தார். வாரம்பூராவும் யார் யாருக்குப் பூசை, யார் ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது அவர் வேலை. பூசைக்கு முன்னால் சாமியார் அதைக் கோயிலில் உரக்கச் சொல்வார்.

"ஞானஸ்நானம் வாங்காதவருக்கா?" என்று இழுத்தார் லூர்துநாதன்.

"வெக்கலாம்" என்று உள்ளறையிலிருந்து சாமியார் குரல் வந்தது.

"சரி. ஒப்புக்கொடுக்கறது யாருன்னு சொல்ல? உறவினர்னு சொல்லிடலாமா?"

"மனைவி" என்றாள் செல்வியக்கா.

லூர்துநாதன் பேனாவை வைத்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. "மேற்றிராசனத்துலேருந்து ஒண்ணும் வரலியேம்மா. பீடத்துலேருந்து நாம எப்பிடி அந்த வார்த்தைய..."

"அப்ப பூசை வேணாம்" என்று அவள் திரும்பினாள்.

சாமியார் வெளியே வந்தார். நான் சாமியார் முகத்தைப் பார்த்தேன். அன்று டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்த அதே முகம்.

"மேரியில கல்யாணம் ஆனவங்களை மனைவின்னு இந்த நாடே சொல்லுது. அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு மேலிடத்து உத்தரவு எதுக்கு? மனைவின்னே எழுதுங்க" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் செல்வியக்கா பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, சாமியார் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் மரக்கூண்டுக்கு, முன்னால் முழங்காலிட்டாள். நான் வரிசையில் பின்னால் நின்றேன். அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அவளாகத்தான் சொன்னாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் புள்ள. ஒங்க முதுகப் பாத்துப் பொறாமப்பட்டத, எங்கப்பா மேல வெச்சிருந்த கோவத்த, எல்லாத்தையும். அவர மட்டும் சொல்லல. சாமியும் கேக்கல."

மறுநாள் இரண்டாம் பூசையில் சாமியார் பீடத்திலிருந்து சொன்னார்: "இன்றைய திருப்பலி, இறந்த காத்தவராயன் அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, அவருடைய மனைவி லூர்துசெல்வி ஒப்புக்கொடுப்பது." கோயிலில் சலசலப்பு ஒன்று கிளம்பி அடங்கியது. காத்தவராயன் என்ற பெயர் அந்தக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தரம். பெண்கள் பக்கம் நாலைந்து தலை எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒவ்வொருத்தியையும் முறைத்தேன். செல்வியக்கா யாரையும் பார்க்கவில்லை. மேரியில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

நன்மை நேரம் வந்தது. அவள் எழுந்தாள், வழியில் இறங்கி நின்றாள். முதலில் அவள் போகட்டும் என்று நான் நின்றேன். போ என்று கையைக் காட்டினாள். எங்கள் பெஞ்சு முழுவதும் அவளைத் தாண்டிப் போயிற்று. பழக்கம் விடவில்லை, எல்லோரையும் அனுப்பினாள். நான் நன்மை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது பார்த்தேன். வரிசையின் கடைசியில், முக்காடு போட்ட தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தாள். அந்த ஞாயிறு பெஞ்சு ஓரத்தில் எனக்கு வழிவிட யாரும் இல்லை. நானே உள்ளே நுழைந்து உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு தரம் கறிக்குழம்பை நினைக்காமல் அழுதேன்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். அவள் வேகமாக நடந்தாள், அவர் இருந்த நாட்களில் நடப்பாளே, அந்த வேகம். என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. "எங்கக்கா ஓடற?" என்று பின்னாலிருந்து கத்தினேன். தெருமுனையில் சட்டென்று நின்றுவிட்டாள். போய்ப் பார்த்தால் கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை.

"மறந்துடுச்சின்னு அவருகிட்ட சொல்லிக்கினே இருந்தேன். மறக்கல புள்ள. ரெண்டும் ஒரே மாவுதான், ஒரே ருசிதான். போயி சொல்லலாம்னு இவ்ளோ தூரம் ஓடியாந்துட்டேன்" என்றாள்.